என்னை என் தங்கச்சிக்குக் கட்டிவைத்த படம்

உம்மாவின் கையில் ஒலிவாங்கியைக் கொடுக்க வேண்டாம் என்று நான் தடுத்திருக்க வேண்டும். வாய் வரவில்லை. கல்முனையில் ஒரு மண்டபம், பிற்பகல் வேளை, பெண்களுக்கென்று தனியாகப் போட்ட காட்சி. படம் முடிந்து விளக்குகளைப் போட்டுவிட்டார்கள். மேடையில் இயக்குநர் கைகூப்பியபடி நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் கேமராவுடன் இரண்டு பேர்.

உம்மா ஒலிவாங்கியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்துபோய் அதை நிமிர்த்திக் கொடுத்தாள். உம்மா அதை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அதற்கு முன் அதைப் பிடித்திருந்தவர் இயக்குநர். அவர் நிறைய அத்தர் பூசுவார்.

“அம்மா, உங்க மனசுல இருக்கறத அப்படியே சொல்லுங்க” என்றார் இயக்குநர். பாவம், மனிதர் அறியாமல் கேட்டுவிட்டார்.

சுவரோரம் ஆண்கள் நான்கைந்து பேர் நின்றோம். நான் ‘வட்டார வழக்கு ஆலோசகர்’ என்ற அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன். அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

உம்மா சொன்னதைச் சொல்வதற்கு முன், அவரை அந்த மேடைவரை கொண்டுபோன கதையைச் சொல்ல வேண்டும். அதில் முதலாம் குற்றவாளி நான். இரண்டாம் குற்றவாளிக்குத் தாடி இருக்கிறது.

தாடிக்காரர் வந்தார்

அவர் சென்னையிலிருந்து வந்தவர். போர்க்காலத்தில் பெற்றவர்களை இழந்த பிள்ளையை இன்னொரு சமூகத்துக் குடும்பம் எடுத்து வளர்ப்பதைப் பற்றிப் படம் எடுக்கப்போகிறாராம். கொழும்பில் யாரோ என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். ‘வாத்தியார் வீட்டில் அப்படி ஒரு கதை இருக்கிறது, ஆளும் வாயாடி’ என்று சொல்லியிருப்பார்கள். இரண்டும் உண்மை.

மருதமுனையில் என் மனைவியின் வீட்டு விறாந்தையில் வந்து உட்கார்ந்தார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு பெண்ணுக்குச் சொந்தம். இதை அவருக்கு விளக்கவே ஒரு பிளேன்டீ முடிந்தது. “வீட்டோட மாப்பிள்ளையா சார்?” என்று இரக்கத்தோடு கேட்டார். கிழக்கில் இருக்கும் அத்தனை முஸ்லிம் ஆண்களுக்காகவும் அவர் அன்று இரங்கினார்.

நான் கதையைச் சொன்னேன். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது கைக்குழந்தையாக எங்கள் வீட்டுக்கு வந்த ஹாஜறாவைப் பற்றி, அவளைக் கொண்டுவந்து விட்டுப்போன தகப்பனைப் பற்றி, உம்மாவைப் பற்றி. அவர் கண் கலங்கிக் கேட்டார். கூட வந்த உதவி இயக்குநர் ஒரு பெண். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தது. என் கதையை ஒருவர் எழுதிக்கொள்கிறார் என்றால் எனக்குத் தலைகால் புரியாது. பத்திரிகையில் கிழமைதோறும் நான் எழுதும் இந்தத் தொடரை வாசிப்பவர்களுக்கு அது தெரியும்.

“பசியான காலம்னு சொன்னீங்க. குழந்தைக்கு என்ன கொடுத்தாங்க சார்?” என்று அந்தப் பிள்ளை கேட்டது.

எதிரே ஒரு இளம்பெண். பக்கத்தில் அந்நிய ஆண். என்னைப் பெற்ற தாயின் மார்பைப் பற்றி இவர்களிடம் எப்படிச் சொல்வது? “கிடைத்ததைக் கொடுத்தோம்” என்று சொல்லிவிட்டு, பிஸ்கட் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினேன்.

என் வாழ்நாளில் நான் விட்ட பிழைகளில் பெரியது இதுதான்.

இரண்டு நாளைக்கென்று வந்த பிள்ளை

கல்முனைச் சந்தையில் வாப்பாவுக்குக் கருவாட்டுக் கடை இருந்தது. வினாயகபுரத்திலிருந்து தவராசா என்றொரு மீனவர் சைக்கிளில் கருவாடு கொண்டுவருவார். அதிகம் கதைக்காத மனிதர்.

ஊர்கள் ஒன்றையொன்று பார்த்துப் பயந்த நாட்கள் அவை. தமிழ் ஊர், முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று ஒரே ரோட்டில் வரிசையாக இருக்கிற இடம் எங்களுடையது. நேற்றுவரை கடன் கேட்டு வந்தவன் இன்று வேலிக்கு அப்பால் நின்று எட்டிப்பார்த்தான். கடைகளைப் பூட்டிவிட்டார்கள். அப்படி ஒரு நாளில் தவராசா எங்கள் சாய்ந்தமருது வீட்டுப் படலையைத் தட்டினார். மீன் பெட்டிக்குள் சீலை விரித்து, அதில் பிறந்து இருபது நாள்கூட ஆகாத பிள்ளை. தாய் பிரசவத்தோடு போய்விட்டாள். ரோட்டு மூடியிருந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை.

“ரெண்டு நாள் வச்சிருங்க முதலாளி. மூண்டாம் நாள் வந்து எடுக்கன்” என்றார்.

மூன்றாம் நாள் அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு ஆளுக்கொரு கதை இருந்தது. ரோட்டுத் திறந்த பிறகு வாப்பா வினாயகபுரத்துக்கு இரண்டு தடவை போய்த் தேடினார். சைக்கிளும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது முதல் நாளைப் பற்றி. பிள்ளை கத்தியது. உம்மா சீனித் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார், கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்து வாயில் வைத்துப் பார்த்தார். பிள்ளை துப்பிவிட்டது. பின்னேரமாகும்போது கத்தக்கூடச் சத்தம் இல்லை. வாப்பா முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். என் தம்பி நிஸார் அப்போது பால்குடி. உம்மா பாயில் உட்கார்ந்து அவனை ஒரு பக்கம் போட்டார், தவராசாவின் பிள்ளையை மறுபக்கம் போட்டார். கதவைச் சாத்திவிட்டு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கச் சொன்னார் என்னை. நான் இந்தப் பக்கம்தான் பார்த்தேன். எனக்குப் பொறாமை.

எங்கள் மார்க்கத்தில் ஒரு சட்டம் உண்டு. பிள்ளையைத் தத்தெடுத்து எத்தனை வருடம் வளர்த்தாலும் அது பெற்ற பிள்ளை ஆகாது, பெயரும் மாறாது. ஆனால் பால்குடிப் பருவத்தில் ஒரு பெண்ணிடம் வயிறாரப் பால் குடித்தால், அவள் தாய். அவள் பிள்ளைகள் கூடப்பிறந்தவர்கள். அவர்களுக்குள் கலியாணம் ஹறாம், விலக்கப்பட்டது. ஒருவர் முன் ஒருவர் தலையை மூட வேண்டியதுமில்லை. பால்குடி உறவு என்போம்.

இது தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண் வந்து, அவசரப்பட்டுப் பால் கொடுக்கிறாயே, பிறகு உன் மகன்மாருக்கு இவளைக் கட்டிக்கொடுக்க முடியாதே என்று உம்மாவை எச்சரித்தாராம். “எனக்கு மருமகள் வேணுமெண்டா வேற இடத்துல பாக்கன்” என்றாராம் உம்மா. இரண்டு வயதுவரை கொடுத்தார்.

ஹாஜறா என்ற பெயர் வீட்டில் வைத்தது. பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் தவராசா. அவளுடைய நிக்காஹ்வில் ‘தவராசாவின் மகள் ஹாஜறா’ என்று சத்தமாக வாசித்தார்கள். பெற்றவர் இல்லையென்பதால் வாப்பா ‘வலி’ என்கிற பொறுப்பாளராக நின்று அவளைக் கட்டிக்கொடுக்க முடியாது, மார்க்க நீதிபதியான காழியார்தான் கட்டிக்கொடுத்தார். வாப்பா ஒரு மூலையில் இருந்து அழுதார். சாய்ந்தமருது வீட்டை உம்மா அவளுக்கே எழுதிக்கொடுத்தார். வீட்டுக்கு ஒரே பெண் அவள்தானே. வாப்பா போய்ச் சேர்ந்த பிறகு, இன்றும் உம்மா இருப்பது ஹாஜறாவின் வீட்டில்.

திரையில் நாங்கள்

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். இலவச விளம்பரம் செய்கிற அளவுக்கு நான் இன்னும் பெருந்தன்மை அடையவில்லை.

முதலில் ஆண்களுக்கான காட்சி போட்டார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்று போட்டார்கள். அடுத்து, நன்றி என்று என் முழுப் பெயரும் ‘மற்றும் குடும்பத்தினர்’ என்றும் போட்டார்கள். எனக்கு வாயெல்லாம் பல். பின்வரிசைகளில் யார் யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அதன் பிறகு திரும்பிப் பார்க்கவில்லை.

திரையில் எங்கள் வாப்பா இடுப்பில் பச்சைப் பட்டியும் கண்ணில் சுருமாவுமாக வந்தார். கருவாட்டுக் கடை அத்தர்க் கடை ஆகிவிட்டிருந்தது. ஊரே பட்டினி கிடக்கிற காட்சியிலும் அந்த வீட்டில் பிரியாணி ஆவி பறந்தது. எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழ் கதைத்தார்கள். நான் மூன்று மாதம் உட்கார்ந்து திருத்திக் கொடுத்த வசனங்களில், ‘ஆமாம்’ என்பதற்கு நாங்கள் சொல்லும் ‘ஓம்’ மட்டும் உயிர் தப்பியிருந்தது. அதை எடுத்து எல்லா வசனத்தின் வாலிலும் ஒட்டிவிட்டார்கள். “குண்டு விழுது ஓம்” என்று ஒரு நடிகர் கத்திக்கொண்டு ஓடினார்.

தவராசா கடைசியாகப் பிரிந்து போவது ஒலுவில் துறைமுகத்திலிருந்து. நான் புவியியல் வாத்தி. அந்தக் காலத்தில் அங்கே துறைமுகம் கிடையாது, மணலும் கடலும்தான் என்று எழுதியே கொடுத்திருந்தேன். “ஃப்ரேம் நல்லா இருக்கு சார்” என்று பதில் வந்தது.

இதையெல்லாம் மன்னித்திருப்பேன். பிறகுதான், எனக்குத் திருத்த அனுப்பாத காட்சிகள் வந்தன. படத்து உம்மா பால்போத்தலை எடுத்தார். கடைகள் எல்லாம் பூட்டிக்கிடந்த நாளில், பளபளவென்ற போத்தலில், நுரை ததும்பப் பால்மா கரைத்து, பிள்ளையின் வாயில் வைத்தார். வயலின் வாசித்தது.

ஒரு பாட்டுக்குள் பிள்ளைகள் வளர்ந்தார்கள். என்னை ஒரு வாலிபன் நடித்தான். கையெல்லாம் பந்து பந்தாகச் சதை. அவனும் ஹாஜறாவாக நடித்தவளும் ஒலுவில் துறைமுகத்தில் மழையில் நனைந்து ஆடினார்கள். அவன் அவள் தலையில் பூ வைத்தான். கடைசியில் படத்து உம்மா இருவர் கையையும் பிடித்துச் சேர்த்துவைத்து, “மகளா வளர்த்தவளை மருமகளா ஏத்துக்கிறேன் ஓம்” என்றார்.

சென்னையில் இந்த இடத்தில் கைதட்டுவார்கள் போலும். கல்முனையில் மண்டபம் முழுவதும் ஒரே நேரத்தில் இருமியது.

வெளியே வரும்போது, என்னோடு படிப்பிக்கிற ஒருவர் என் தோளில் கைபோட்டு, “மாஸ்டர், இது எங்களுக்குத் தெரியாமப் போச்சே” என்றார். நான் சிரித்தேன். அழுதால் இன்னும் மோசம் என்று சிரித்தேன்.

தேநீர்க்கடை சட்டத்தரணிகள்

அந்தக் கிழமை முழுவதும் ஊரில் வேறு பேச்சு இல்லை. ஐவேளைத் தொழுகைக்கு ஒருவேளைகூட எட்டிப்பார்க்காதவர்களும் தேநீர்க்கடையில் பால்குடிச் சட்டம் பேசினார்கள். எத்தனை தடவை குடிக்க வேண்டும், வயிறு நிறைந்ததா நிறையவில்லையா, சாட்சி எத்தனை பேர் என்று கணக்கு. வாத்தியே சம்மதித்துப் பெயர் போட்டிருக்கிறார், அப்படியானால் போத்தல் பால்தான் உண்மை என்று முடிவு கட்டினார்கள். போத்தல் பால் என்றால் நானும் நிஸாரும் ஹாஜறாவுக்கு அந்நிய ஆண்கள். அத்தனை வருடமும் அவள் எங்கள் முன்னால் தலையை மூடாமல் நின்றது குற்றம். நிஸார் கட்டாரில் இருக்கிறான், தப்பிவிட்டான்.

உம்மாவிடம் நேரே கேட்க ஊரில் ஒருவருக்கும் தைரியம் இல்லை. மகனுக்கும் இல்லை. உம்மாவுக்குக் காதில் எதுவும் விழாமல் எல்லோரும் பார்த்துக்கொண்டோம். ஒரு விஷயத்தில் ஊர் ஒற்றுமையாக இருந்தது என்றால் அது இதில்தான்.

சனிக்கிழமை காலையில் வழக்கம்போல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நேரே குசினிக்குப் போனேன். நான் போகிறபோது ஹாஜறா தேங்காய் துருவிக்கொண்டிருப்பாள். துருவிக்கொண்டே என்னை ஏசுவாள். அன்று என் காலடிச் சத்தம் கேட்டதும் தலைச்சீலையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அவள் கணவன் றபீக்கின் தாய் கதிரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, வாங்க மகன் என்று மிக மரியாதையாகச் சொன்னார்.

தேநீரை றபீக் கொண்டுவந்தார். மோட்டார் சைக்கிள் பாகம் விற்கிற நல்ல மனிதர். என் முகத்தைப் பார்க்க முடியாமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டே நீட்டினார். உள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து, “காக்கா, உம்மா குளிக்கிறா. பிறகு வாங்க” என்றாள் ஹாஜறா.

பிறகு வாங்க. விருந்தாளிக்குச் சொல்கிற சொல். உம்மா இருக்கிற வீடு அது. அவள் எனக்குத் தங்கச்சி இல்லையென்றால் அந்த வீட்டு முற்றத்தில் நின்று கூப்பிட்டுவிட்டுத்தான் நான் என் உம்மாவைப் பார்க்க வேண்டும். அவளுக்கோ அதைவிட மோசம். தகப்பனும் இல்லை, தாயும் இல்லை, இப்போது காக்கா என்று கூப்பிட அண்ணன்மாரும் இல்லை. இத்தனை வருடம் ஒரு வீட்டுப் பிள்ளையாக இருந்தவளை, ஒரு பிஸ்கட் தட்டை நகர்த்தி நான் யாரோ ஒருத்தி ஆக்கிவிட்டேன்.

தேநீரைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

உம்மா கதைத்தார்

அடுத்த கிழமை பெண்களுக்கான காட்சி. ‘நிஜத் தாயின் கண்ணீரை’ப் படம் பிடிக்கத் தாடிக்காரர் கேமராவோடு வந்துவிட்டார். உம்மாவைப் போகவிடாமல் தடுக்க நான் கால்வலி, வெயில், சீனி வருத்தம் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். “என்ட கதைய நான் பாக்கப்படாதா?” என்று கேட்டுவிட்டு மூன்று சக்கர வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் முகத்தை மூடியபடி ஹாஜறா. நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன்.

உம்மா முழுப் படத்தையும் அசையாமல் பார்த்தார். வெற்றிலைகூடப் போடவில்லை. கண்ணீர் ஒரு சொட்டும் வரவில்லை, கேமராக்காரர்தான் வியர்த்துப்போனார். பிறகு ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள்.

“தம்பி” என்றார் உம்மா. “அந்த நாளையில கடையுமில்ல, ரோட்டுமில்ல. நீங்க படத்துல குடுக்கிற பால்மாவ எங்க வாங்கின?”

இயக்குநர் சிரித்தார். அது ஒரு குறியீடு, தாய்மையின் குறியீடு என்று விளக்கினார். உம்மா பொறுமையாகக் கேட்டார்.

“இந்தப் புள்ளைக்கி நான் முலை குடுத்தன். ஒரு பக்கம் இவள், மத்தப் பக்கம் என்ட மகன். ரெண்டு வருசம் குடுத்தன். ரெண்டு பேரும் கடிச்ச தழும்பு இன்னும் கிடக்கு. நீங்க இவளையும் இவள்ட காக்காவையும் மழைக்குள்ள ஆடவிட்டு, கலியாணமும் முடிச்சி வச்சிரிக்கீங்க. பிழ, தம்பி.”

றபீக்கின் தாய் மூன்றாம் வரிசையில் இருந்தார். குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இயக்குநரைக் குறை சொல்லக் கூடாது. முகம் வெளுத்துவிட்டது அவருக்கு. ஆனாலும் தொழில் போகுமா? கேமராக்காரர் அவர் காதில் ஏதோ சொன்னார். இயக்குநர் உம்மாவிடம் குனிந்து, ஒலி பதியவில்லையாம், அதை மட்டும் இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டார்.

“ஒருக்காச் சொன்னாக் காணும்” என்றார் உம்மா.

இயக்குநர் சுவரோரம் நின்ற என்னைப் பார்த்தார். அத்தனை பெண்களும் என் பக்கம் திரும்பினார்கள். “சார், இவ்வளவு பெரிய விஷயம். என்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டார். இந்த மனிதர் எடுத்த படம் முழுவதிலும் இல்லாத ஒரு உண்மையான கேள்வி அது.

“வெக்கமா இருந்திச்சி” என்றேன்.

அப்போது ஹாஜறா எழுந்தாள். இயக்குநரை அவள் பார்க்கவே இல்லை.

“என்ன வெக்கம், காக்கா? குடிச்ச எனக்கு வெக்கமில்ல. தந்த உம்மாக்கு வெக்கமில்ல. பாத்துக்கு நிண்ட ஒங்களுக்கு என்ன வெக்கம்?”

“கிழமைக்குக் கிழமை பேப்பர்ல எழுதுறீங்க. வாப்பாட கடைய எழுதினீங்க. றபீக்ட மோட்டச்சைக்கிள் கால்வாய்க்குள்ள விழுந்ததையும் எழுதினீங்க. இத மட்டும் ஏன் எழுதல்ல? எழுதுங்க. ஊரெல்லாம் வாசிக்கட்டும். எனக்கு அது வேணும்.”

உம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி, மேடையிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனாள். இருவரும் என்னைத் தாண்டித்தான் போனார்கள். ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை.

ஆகவே எழுதுகிறேன். இதில் உள்ள ஒரு சொல் பத்திரிகைக்கு ஒவ்வாது என்று ஆசிரியர் நினைத்தால், அத்தியாயத்தையே திருப்பி அனுப்பட்டும். சொல்லை வெட்ட வேண்டாம்.

கடைகள் பூட்டிக்கிடந்த ஒரு நாளில், வினாயகபுரம் தவராசாவின் மகளுக்கு என் உம்மா முலைப்பால் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் என் தங்கச்சி.